நாற்பத்தொரு சிவப்பு வட்டங்கள்

— அப்ப இது குங்குமம்ங்கிறீங்க.

— குங்குமம் என்று நான் சொல்லவில்லை, கலைச்செல்வி. குங்குமமாக இருக்கலாம் என்றேன்.

— வேட்டி மடிப்புல குங்குமம், மொழங்கையில குங்குமம், காது மடல்ல குங்குமம். நாலு நாளு மக வீட்டுல இருந்துட்டு இன்னைக்கு மொத பஸ்ஸுல வந்து எறங்குறேன். வாசல்ல கால வைக்கையிலேயே பெயிண்டு வாடை. கதவு அதே பழைய பச்சையிலதான் நிக்குது. என்னத்தப் பூசுனீங்க?

— முதலில் உட்கார். நயினார்கோவிலில் மாலதி நலமா? நீ கொண்டுபோன கருவேலம் பிசின் பயன்பட்டதா?

— நெய்யில பொரிச்சுப் பொடி பண்ணிக் குடுத்துட்டுத்தான் வாரேன். இடுப்பு வலி தேவலையாம். கடையில விக்கிறது வேணாம், நம்ம வரப்பு மரத்துப் பிசின்தான் வேணும்னு அடுத்த தவணைக்கும் சொல்லிவிட்டிருக்கா. போதுமா? இப்பச் சொல்லுங்க. அரிசி டிரம்முக்குப் பின்னால ஒரு டப்பா ஒளிஞ்சுக்கிட்டு இருக்கே, அது என்ன?

— சிவப்பு வண்ணம்.

— தூக்கிப் பாத்தேன். பாதிக்கு மேல கெடக்கு. மிச்சம் எங்க போச்சு?

— மரங்களுக்குப் போயிற்று.

— எந்த மரம்?

— ஊருணிக்கரை மரங்கள்.

— ஜெய்னுலாபுதீன் அண்ணன் வளத்த உடைமரமா?

— குடைவேல் என்பதுதான் அதன் சரியான பெயர். தலை குடைபோல் விரிவதால்...

— வீட்டுக்குள்ள பாடம் வேணாம். அந்த மரத்துக்கு எதுக்கு நீங்க பெயிண்டு அடிச்சீங்க? மாட்டுக் கொம்பா அது?

— இன்று சனிக்கிழமை. எட்டு மணிக்குப் பொக்லைன் வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஊர்ப் பொது நிலத்திலும் கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலை வேரோடு பிடுங்கப்போகிறார்கள்.

— நல்லதுதானே. அந்தச் சனியன் கிட்ட ஒரு புல்லு மொளைக்குதா? அதுக்கும் ஊருணிக்கரை மரத்துக்கும் என்ன சம்பந்தம்? இது நம்ம ஊரு மரம்ல.

— அது உனக்கும் எனக்கும் தெரியும். இயந்திரம் ஓட்டுகிறவன் வடக்கேயிருந்து வருகிறவன். அவனுக்கு எந்த முள்ளும் ஒரே முள். ஆகையால் மரத்துக்குக் குறி வைக்கிறார்கள். சிவப்பு வட்டம். வட்டம் போட்ட மரம் விழும்.

— உங்ககிட்ட யாரு சொன்னா?

— ஒருவர் சொல்லவும் வேண்டுமா? கண்மாய்க் கருவேலை ஏலம் விடும்போதெல்லாம் நாம் பார்க்கவில்லையா? பட்டையைச் செதுக்கி எண் எழுதுவார்கள். எண் எழுதிய மரம் அடுத்த வாரம் லாரியில் போகும். புதன்கிழமை அய்யனார் கோயில் பக்கம் நடந்தபோது அங்கே மூன்று கருவேல மரங்களில் சிவப்பு வட்டம் கண்டேன். புரிந்துகொண்டேன்.

— அய்யனார் மரத்தையா வெட்டப் போறாங்க? பல்லு வெளக்க ஒரு குச்சி ஒடிக்கவே ஊருக்குள்ள பயப்படுவாங்க.

— இயந்திரத்துக்கு அய்யனார் ஏது?

— கூட்டம் போட்டுத்தானே முடிவு பண்ணியிருப்பாங்க. நான் பஸ் ஏறுன அன்னைக்கு, செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பஞ்சாயத்துல கூட்டம்னு மைக்குல சொல்லிட்டுப் போனானே. நீங்க போகலையா?

— போகவில்லை.

— ஏன்?

— அந்தக் கூட்டத்தில் அவனுக்குச் சால்வை போர்த்துவதாக இருந்தார்கள். ஊருணிக்கரையில் மரம் வளர்த்ததற்காக. நான் முன்வரிசையில் அமர்ந்து கை தட்டவேண்டும்.

— ஆத்தாடி. வயித்துல எரியிற நெருப்புக்குத்தான் பெயிண்டு வாங்கியிருக்கீங்க. எந்தக் கடையில வாங்குனீங்க?

— சாயல்குடியில். உள்ளூரில் வாங்கினால் கேள்வி வரும்.

— ரெண்டு பஸ் மாறிப் போயிருக்கீங்க. கடுகு வாங்கிட்டு வாங்கன்னா தெருமுனைக்குப் போக முட்டி வலிக்கும். எத்தன மரத்துக்குப் போட்டீங்க?

— நாற்பத்தொன்று.

— எண்ணிவேற வச்சிருக்கீங்க.

— எண்ணாமல் எப்படி?

— எப்பப் போட்டீங்க? யாரும் பாக்கலையா?

— நேற்று நண்பகல். அவன் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தான். ஊரே வெயிலுக்கு அஞ்சி உள்ளே இருந்தது. ஆடு மேய்க்கிற சின்னக்கருப்பன் மட்டும் தொலைவில் துண்டை விரித்துப் படுத்திருந்தான். உறங்கினான் என்றே நினைக்கிறேன்.

— அவரு நெத்தியத் தரையில வச்சுத் தொழுதுக்கிட்டு இருந்த நேரத்துல, நீங்க அவரு மரத்துக் கழுத்துல சுருக்கு மாட்டியிருக்கீங்க. ஏங்க, முப்பது வருசம் ஒரே பள்ளிக்கூடத்துல ஒரே டிபன் கேரியர்ல சாப்புட்ட மனுசனுக்கா இதச் செஞ்சீங்க?

— அந்த முப்பது வருடத்தில் நான் என்ன கற்பித்தேன், கலைச்செல்வி?

— அறிவியலு.

— அவன்?

— டிரில் மாஸ்டரு. விசில் ஊதுனாரு. அதுக்கென்ன?

— நான் தாவரவியல் படித்தவன். குடைவேலின் வேர் எவ்வளவு ஆழம் போகும், அந்த வேர் முடிச்சுகள் எப்படி மண்ணுக்கு உரம் சேர்க்கும், அதன் அடியில் புல் ஏன் முளைக்கிறது, சீமைக்கருவேலின் அடியில் ஏன் முளைப்பதில்லை... இவையெல்லாம் கரும்பலகையில் எழுதி எழுதி என் விரல் தேய்ந்தது. அவன் விசில் ஊதினான். இன்று ஊரில் மரத்து வாத்தியார் யார்? அவன். சென்ற மாதம் என்னிடம் படித்த ஒருவன், நான் மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட்டவன், பேருந்து நிறுத்தத்தில் என்னையே நிறுத்தி, "சார், மரத்து வாத்தியார் வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டான்.

— வழி சொன்னீங்களா?

— சொன்னேன். சுற்று வழியாகச் சொன்னேன்.

— சிரிக்கக் கூடாதுன்னு பாக்குறேன்.

— சிரி. அந்த விதை இரகசியத்தை அவனுக்குச் சொன்னவன் யார்? அதைச் சொல். மரத்தடியில் பொறுக்கிய விதையை மூன்று ஆண்டு நட்டு, ஒன்றும் முளைக்காமல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். "ஜெய்னுலாபுதீன் சார், குடைவேல் விதையின் தோல் இரும்பு. அது ஆட்டின் வயிற்றில் ஊறி வெளியே வரவேண்டும். ஆட்டுக்கிடையில் போய்ப் பொறுக்குங்கள்" என்று சொன்னவன் நான்.

— சொன்னது நீங்க. ஆட்டுப் புழுக்கையச் சாக்குல அள்ளுனது அவரு. சைக்கிள்ல ரெண்டு கொடத்தக் கட்டி மூணு கோடை தண்ணி சொமந்தது அவரு. ஆடு கடிக்காம ஒவ்வொரு மரக்கண்ணுக்கும் முள்ளு வச்சுக் கட்டி, உள்ளங்கையெல்லாம் ஓட்டை ஓட்டையா நின்னது அவரு.

— நீயும் அவன் பக்கம்.

— நான் ஆட்டுப் பக்கம். கோடையில நம்ம ரெண்டு ஆட்டுக்கு வேற என்ன இருக்கு? நம்ம வரப்புல ஏழு கருவேல், அந்தக் காஞ்ச நெத்துக் காய் பத்தலைன்னா ஊருணிக்கரை உடைமரத்து நெத்து. தொரட்டியால ஒரு உலுக்கு உலுக்குனா ஒரு கூடை. முன்னெல்லாம் ஆடி மாசக் காத்துக்கு மணலு பறந்து வந்து ஊருணியே தூந்து போகும். இப்ப ஒரு கைப்புடி மணலு விழுகுதா? அந்தத் தண்ணியத்தானே நீங்களும் குடிக்கிறீங்க.

— பத்திரிகையில் படம் வந்ததே, நினைவிருக்கிறதா?

— அதுக்கென்ன?

— செய்தியாளர் வந்த அன்று நானும் அவன் அருகில்தான் நின்றேன். விதையைப் பற்றி நான்தான் விளக்கிச் சொன்னேன். அவரும் எழுதிக்கொண்டார். மறுநாள் படத்தில் அவன் முழுதாக இருக்கிறான், மரம் முழுதாக இருக்கிறது, ஓர் ஆடுகூட முழுதாக இருக்கிறது. என் முழங்கை மட்டும் இருக்கிறது.

— அது உங்க மொழங்கையா? நான் கெளைன்னு நெனச்சேன்.

— செய்தியிலும் என் பெயர் இல்லை. அவன் சொல்லவில்லை. ஒரு சொல், கலைச்செல்வி. "சேதுபதி சார் சொன்னார்" என்று ஒரு சொல். அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

— சரி, அது தப்புத்தான். அதுக்காக நாப்பத்தோரு மரமா?

— வியாழக்கிழமை இரண்டு முறை வந்து கதவைத் தட்டினான். சால்வையைக் காட்டத்தான் வந்திருப்பான். நான் உறங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவன் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்துபோகும் வரைக்கும் மூச்சுக்கூட விடவில்லை.

— ரிட்டயர்டு ஆன வாத்தியாரு பண்ணுற காரியமா இது?

— வண்ணம் பூசும்போது ஒன்று நடந்தது.

— என்னது?

— முப்பதாவது மரம். அதன் அடியில் சினை ஆடு ஒன்று படுத்திருந்தது. நான் வட்டம் போடும்வரை எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி நிழலிலேயே தாடையை வைத்துக்கொண்டது. எனக்குக் கை நின்றது.

— நின்னுச்சுல்ல. அதோட வர வேண்டியதுதானே.

— மீதி பதினொன்றும் போட்டு முடித்தேன்.

— ஏன்?

— தெரியவில்லை. தொடங்கியதை முடிக்கிற பழக்கம்.

— எந்திரிங்க.

— எங்கே?

— அடுப்படியில பாட்டில்ல மண்ணெண்ணெய் கெடக்கு. பழைய வேட்டியக் கிழிச்சுத் தாரேன். ஊருணிக்கரைக்குப் போவோம். பொக்லைன் வாரதுக்குள்ள ஒவ்வொரு மரமாத் தொடைச்சு எடுக்கணும்.

— அவன் பார்த்துவிடுவானே.

— பாக்கட்டும். பாத்தா மானம் போகும். பாக்காட்டி மரம் போகும். எது வேணும்?

— மணி என்ன ஆயிற்று?

— எட்டே கால்.

— நீ சொல்வது சரி. துணியைக் கிழி. நான் பாட்டிலை எடுக்கிறேன்... கலைச்செல்வி, இனி ஒருமுறை அவன் தோப்பைப் பற்றி நான் ஏதாவது பேசினால்...

— பொறுங்க. சத்தம் கேக்குதா?

— கேட்கிறது.

— வந்துருச்சு. ஆரம்பிச்சுட்டாங்க. கிளை ஒடியிற சத்தம்.

— ஐயோ.

— ஆனா ஏங்க, ஊருணி வடக்க கெடக்கு. சத்தம் தெக்க இருந்துல்ல கேக்குது.

— கடற்காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. சத்தத்தைத் திருப்பிக் காட்டும்.

— தெக்கதானே நம்ம வரப்பு. நம்ம மரத்துக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?

— நம் மரத்தில் குறி இல்லை. குறியில்லாத மரத்தை யாரும் தொடமாட்டார்கள். பாட்டிலை மூடாதே, அப்படியே கொடு. ஒரு மரத்தையாவது... யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

— சேதுபதி சார். வாத்தியாரே, கதவத் தெறங்க. நான்தான், ஜெய்னுலாபுதீன்.

— வாங்கண்ணே... என்னண்ணே இது? சட்டையெல்லாம் கிழிஞ்சு, கையில ரத்தம்.

— முள்ளு கீறுனது, தங்கச்சி. அது கெடக்கட்டும். சார் எங்க? சார், அங்கனயே நில்லுங்க. முதல்ல உங்க கையக் குடுங்க. இந்தக் கையில சிவப்பு இருக்கும்னு தெரியும்.

— ஜெய்னுலாபுதீன் சார், நான் உங்களிடம் சொல்லவேண்டியது...

— நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், சார். சின்னக்கருப்பன் சொல்லிட்டான். நேத்து உச்சி வெயில்ல, தலையில துண்டுகூட இல்லாம, மரம் மரமா நின்னு வட்டம் போட்டாருன்னு. நான் போய்ப் பாத்தேன். நாப்பத்தொண்ணும் ஒரே உசரம், காம்பஸ் வச்சுப் போட்ட மாதிரி. உங்களத் தவிர இந்த ஊருல யாருக்கு அந்தக் கை இருக்கு?

— மன்னிக்கவேண்டும்...

— எனக்குத்தான் சார் மன்னிப்பு வேணும். நேத்து ஜும்மா முடிஞ்சு பள்ளியவிட்டு வெளிய வாரேன், கீழக்கரையில பெரிய மாமி மவுத்துன்னு போன். பஞ்சாயத்துல குடுத்த பெயிண்டு டப்பா வீட்டுக்குள்ள தொறக்காமக் கெடக்கு. வீட்டப் பூட்டிச் சாவியப் புள்ளைகிட்டக் குடுத்து, மண்டபத்துல இருக்குற சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பிட்டு, அப்படியே பஸ் ஏறிட்டேன். ஜனாசா தொழுது அடக்கம் முடிய இருட்டிருச்சு. காலையில மொத பஸ்ஸுல அல்லா, அல்லான்னுக்கிட்டே வந்தேன். மிசின் எறங்குனா வட்டமில்லாத மரத்த ஒண்ணுவிடாம உருவிப் போட்டுருமேன்னு.

— வட்டமில்லாத மரத்தையா?

— ஆமா சார். வட்டம் போட்டது நிக்கும். போடாதது போகும். அதுதானே முடிவு.

— நிற்குமா?

— செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல பேசுனதுதானே. சீமைக்கருவேல் ஆயிரக்கணக்குல கெடக்கு. அதுக்கெல்லாம் யாரு வட்டம் போடுறது? அதனால நாட்டு மரத்துக்கு மட்டும் அவங்கவங்க போட்டுக்கணும்னு சொன்னாங்க. அய்யனார் கோயில் மரத்துக்குத்தான் மொதல்ல போட்டாங்க. நீங்க கூட்டத்துல இல்ல. சேதியச் சொல்லத்தான் வியாழக்கிழமை ரெண்டு தடவ வந்து தட்டுனேன். தூங்குறீங்கன்னு போயிட்டேன். யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்காங்க, அல்ஹம்துலில்லா.

— ஏங்க... சத்தம் தெக்கதான் கேட்டுச்சு.

— அதத்தான் தங்கச்சி சொல்ல வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். உங்க வரப்பு மரம்... நான் கத்திக்கிட்டே ஓடுனேன். மிசின் சத்தத்துல அவனுக்குக் கேக்கல. ஆறு சாஞ்சுருச்சு.

— ஆறா?

— ஏழாவது நிக்குது. ஊருக்குள்ள வார பக்கம் கடைசியா நிக்குமே, அது. அந்த மிசின் வாளி அதும்மேல படுறதுக்குள்ள அடியில போய்க் கட்டிப் புடிச்சுக்கிட்டேன். அதுலதான் இந்தக் கீறல். ஓட்டுறவன் பயந்து நிறுத்திட்டான். அவன் பேசுறது எனக்குப் புரியல, நான் பேசுறது அவனுக்குப் புரியல. வட்டம் எங்கன்னு கையால காட்டிக் கேக்குறான். போட்டுட்டு வாரேன்னு கையக் காட்டிட்டு, சின்னக்கருப்பன மரத்தடியில உக்கார வச்சுட்டு ஓடியாந்தேன்.

— அந்த மரத்துலதான் இப்பப் பிசின் வடிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

— தெரியும் தங்கச்சி. சட்டையெல்லாம் ஒட்டியிருக்கு பாரு. சார், ஒண்ணு சொல்லணும். நின்னுக்கிட்டே சொல்லிடுறேன், உக்காந்தா சொல்ல மாட்டேன். அன்னைக்குப் பேப்பர்காரரு, விதை யோசனை யாரோடதுன்னு என்கிட்டத் தனியாக் கேட்டாரு. என்னோடதுன்னுட்டேன். மறதி இல்ல, சார். வாழ்நாளெல்லாம் விசில் ஊதுனவன். ஒரு நாளாவது அறிவாளியா இருந்து பாப்போமேன்னு ஆசை. அந்தச் சால்வைய வாங்குன நேரத்துலயிருந்து கழுத்து அரிச்சுக்கிட்டே இருக்கு. நீங்களோ உங்க மரத்த விட்டுட்டு வந்து என் மரத்துக்குக் காவல் வச்சிருக்கீங்க.

— ஜெய்னுலாபுதீன் சார், போதும்.

— போதாது. அதுதான் எனக்கு வெளங்கல. என்னோடது நாப்பத்தொண்ணு, உங்களோடது ஏழு. ஏழுக்கு முதல்ல போட்டிருக்கலாமே. என் மரத்துக்குப் போட்டு முடிச்சதும் பெயிண்டு தீந்து போச்சு, அதுதானே?

— ஆமாண்ணே. தீந்து போச்சு. காலி டப்பாவ நான்தான் தூக்கிப் போட்டேன்.

— நெனச்சேன். சரி தங்கச்சி, நான் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போறேன். அங்க இருந்தா ஒரு டப்பா வாங்கிட்டு ஓடிடுறேன்.

— ஆபீசு பத்து மணிக்குத்தானேண்ணே தெறப்பாங்க. உங்க வீட்டுல இருக்குற டப்பா?

— சாவி மண்டபத்துல புள்ளைகிட்ட இருக்கே. பூட்ட ஒடைக்கவேண்டியதுதான். அதுவரைக்கும் அவன் பொறுக்கணும். நான் இங்க பாதி வழி வரும்போதே அவன் மிசின மறுபடி முடுக்குற சத்தம் கேட்டுச்சு. நான் வாரேன், சார்.

— நில்லுங்கள், ஜெய்னு.

— என்ன சார்?

— ஏங்க, வேணாம். நீங்க உக்காருங்க.

— அரிசி டிரம்முக்குப் பின்னால் டப்பா இருக்கிறது. பாதிக்குமேல் மிச்சம்.